எட்டாங்கிளாஸ் படிச்ச மருமகள்கள் வங்கதேசத்துல என்ன பண்ணாங்க

"வளரும் நாடுகள்ல படிச்ச பொண்ணுங்க சமூக முன்னேற்றத்துக்கு உண்மையிலேயே உதவுறாங்களா, இல்ல இது சும்மா மேடைப்பேச்சா"ன்னு கேட்டிருக்கீங்க. உதவுறாங்க, அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா இந்தக் கேள்விக்கு வழக்கமா ஒரு பதில் வரும் பாருங்க, முதல் பெண் டாக்டர், முதல் பெண் விமானி, முதல் பெண் பிரதமர்னு வரிசையா போட்டோ போடுவாங்க, அதுல எனக்கு அவ்வளவு பிடிப்பு கிடையாது. வங்கதேசத்தையே எடுத்துக்கோங்க, 1991ல இருந்து 2024 வரைக்கும் நடுவுல வந்த காபந்து அரசுகளைத் தள்ளிட்டா ரெண்டே ரெண்டு பெண்கள்தான் மாறி மாறி பிரதமரா இருந்தாங்க, அதனாலதான் அங்க குழந்தைங்க சாவு குறைஞ்சுதுன்னு யாராவது சொல்வாங்களா? அந்த நாட்டை நிஜமா மாத்தினவங்க ஏழாவது, எட்டாவது, மிஞ்சிப் போனா பத்தாவது படிச்சுட்டு கல்யாணம் ஆகி கிராமத்துல இருந்த மருமகள்கள். அவங்க கையில யாரோ ஒரு பையும் ஒரு நோட்டும் குடுத்து, மாசச் சம்பளமும் குடுத்து, போய் நாலு வீட்டுக் கதவைத் தட்டுன்னு அனுப்பினாங்க. நான் பொது சுகாதாரம் பக்கம் வேலை பாக்கிற ஆள், அதனால சொல்ற உதாரணம் எல்லாம் அந்தப் பக்கமாவே சாயும், பொறுத்துக்கோங்க.

1971ல வங்கதேசம் தனி நாடானப்போ நிலைமை என்னன்னா, முந்தின வருஷம்தான் பெரும்புயல் வந்து லட்சக்கணக்குல ஜனம் செத்திருந்தது, அடுத்து போர், 1974ல பஞ்சம். ஒரு பொண்ணுக்கு சராசரியா கிட்டத்தட்ட ஏழு குழந்தை, பொறக்கிற நாலஞ்சு குழந்தைல ஒண்ணு அஞ்சு வயசைத் தாண்டாது. இன்னைக்கு சராசரி ரெண்டு சொச்சம் குழந்தை, அஞ்சு வயசுக்குள்ள சாகறது ஆயிரத்துக்கு முப்பது சொச்சம். தலைக்கு வருமானத்துல ரொம்ப நாளா இந்தியாவை விடப் பின்னாடி இருந்த நாடு, ஆனா ஆயுசு, குழந்தை இறப்பு மாதிரி கணக்குல இந்தியாவைத் தாண்டிப் போச்சு. பணம் வர்றதுக்கு முன்னாடியே இது நடந்துச்சுங்கிறதுதான் விஷயம்.

எப்படின்னு பாக்கணும்னா மத்லாப்புக்குப் போகணும். டாக்காவுல இருந்து தென்கிழக்கே ஐம்பது சொச்சம் கிலோமீட்டர், சாந்த்பூர் மாவட்டம், மழைக்காலத்துல வீட்டுக்கு வீடு படகுலதான் போகணும். காலரா ஆராய்ச்சிக்காக 1963ல அங்க ஒரு கள மையம் போட்டாங்க, 1966ல இருந்து அந்த ஊர்கள்ல யார் பொறந்தா, யார் செத்தா, யார் கல்யாணமாகி வெளிய போனா, யார் உள்ள வந்தான்னு விடாம எழுதிக்கிட்டே வர்றாங்க. ஏழை நாடுகள்ல இவ்வளவு நீளமா, இவ்வளவு ஒழுங்கா ஒரு கணக்கு கிடைக்கிறது ரொம்ப அபூர்வம். அதனாலதான் அங்க நடந்ததை வெறும் கதையா இல்லாம நம்பிப் பேச முடியுது.

1975ல அங்க கருத்தடை மாத்திரையையும் ஆணுறையையும் வீடு வீடாக் கொண்டுபோய்க் குடுக்கிற திட்டம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. குடுக்கிற வேலையை ஊர் மருத்துவச்சிங்ககிட்ட விட்டாங்க, பெரும்பாலும் வயசானவங்க, புருஷன் இல்லாதவங்க, எழுதப் படிக்கத் தெரியாது. மேலோட்டமா பாத்தா நல்ல யோசனைதான், ஊர்ல பாதிப் பேர் அவங்க கையில பொறந்தவங்க, எந்த வீட்டு சமையல்கட்டு வரைக்கும் வேணும்னாலும் போவாங்க, யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. ஆரம்பத்துல மாத்திரை வாங்கினவங்க எண்ணிக்கை சரசரன்னு ஏறுச்சு, அப்புறம் மாசம் ஆக ஆக இறங்கிடுச்சு. ஏன்னா மாத்திரை போட ஆரம்பிச்சதும் ஒருத்திக்குத் தலை சுத்துது, இன்னொருத்திக்கு நடுவுல ரத்தம் போகுது, இது எதனால, எத்தனை நாள்ல சரியாகும், நிறுத்தணுமா, வேற எதுக்காவது மாத்தணுமான்னு கேட்டா பாட்டிக்குச் சொல்லத் தெரியல. சொல்லிக்குடுத்த பயிற்சியும் பேருக்குத்தான். வாங்கினவங்க பயந்து போய் நிறுத்திட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரிகிட்டயும் வேண்டாம்டின்னு சொல்லிட்டாங்க.

1977 அக்டோபர்ல அந்த ஏற்பாட்டையே மாத்தினாங்க. மருத்துவச்சிங்களுக்குப் பதிலா 80 பெண்கள், அதே ஊர்க்காரங்க, சின்ன வயசு, கல்யாணமாகி குழந்தை பெத்தவங்க, ஏழெட்டு கிளாஸாவது படிச்சவங்க, தானும் கருத்தடை முறை எதையாவது உபயோகிக்கிறவங்க. மாத்திரையோட சேர்த்து மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடற ஊசியும் வந்துச்சு. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போகணும், எந்தப் பொண்ணு எந்த முறைல இருக்கா, அடுத்த ஊசி தேதி என்ன, போன தடவை என்ன உபாதை சொன்னான்னு நோட்டுல எழுதணும், ஒழுங்கா மையத்துல கூடிப் பேசணும், தனக்குத் தெரியாததை மேல இருக்கிறவங்ககிட்ட கேட்டு அடுத்த சுத்துல பதில் கொண்டுபோகணும். கருத்தடை உபயோகிக்கிறவங்க அதுக்கு முன்னாடி நூத்துக்கு 7 பேர்தான், மூணே மாசத்துல 20, ஒன்றரை வருஷத்துல 33. பக்கத்துலயே ஒப்பிட்டுப் பாக்கிறதுக்குன்னு விட்டு வெச்சிருந்த கிராமங்கள்ல, அதே மண், அதே மதம், அதே வறுமை, இந்த வேகம் இல்ல.

இங்க ஒண்ணு சொல்லிடறேன், இதைப் படிப்பு ஜெயிச்சுதுன்னு மட்டும் எடுத்துக்கிட்டா அவசரப்பட்ட மாதிரி ஆயிடும். வயசு மாறுச்சு, பயிற்சி மாறுச்சு, ஊசி புதுசா வந்துச்சு, மேற்பார்வை வந்துச்சு, எல்லாம் ஒண்ணா மாறினப்போ எட்டாங்கிளாஸுக்கு எத்தனை மார்க் போடறதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஆனா அந்த வேலையோட ஒவ்வொரு இடத்துலயும் படிப்பு குறுக்க வந்து நிக்குது பாருங்க, தேதி கணக்கு, நோட்டு, புதுசா ஒண்ணு சொன்னா புரிஞ்சுக்கிட்டு இன்னொருத்திக்கு அவ பாஷைல திருப்பிச் சொல்றது. அதே 80 பேர்தான் பின்னாடி தாய்மார்களுக்கு டெட்டனஸ் ஊசி, குழந்தைங்களுக்குத் தட்டம்மை ஊசின்னு ஒவ்வொண்ணா சேர்த்துக்கிட்டே போனாங்க. படிப்பு இல்லாத ஆளை வெச்சு ஒரு வேலையைப் பழக்கலாம், படிச்ச ஆளா இருந்தா அடுத்த வேலையையும் அவகிட்ட குடுக்கலாம்.

அவங்க பட்டபாடு லேசு இல்ல. குடையைப் பிடிச்சுக்கிட்டு தனியா வரப்புல நடந்து போற மருமகளை ஊர் எப்படிப் பேசியிருக்கும்னு நமக்குச் சொல்லவா வேணும். குடும்ப மானத்தைக் கெடுக்கிறா, பர்தாவை மதிக்கலன்னு ஆரம்பத்துல பேச்சு வாங்கினாங்க. அப்புறம் ராத்திரி குழந்தைக்கு வயித்தாலே போனா அதே வீட்டுக்காரங்க அவகிட்டதான் ஓடி வந்தாங்க, 'ஆபா'ன்னு கூப்பிட்டாங்க, நம்ம ஊர்ல அக்காங்கிற மாதிரி. அரசாங்கமும் 1976ல இருந்தே குடும்பநலப் பணியாளர்னு படிச்ச கிராமத்துப் பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பிச்சு, அந்த எண்ணிக்கை 20 ஆயிரத்துக்கும் மேல போச்சு.

இதைவிட எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை உப்பு வெல்லத் தண்ணி. பிராக்னு ஒரு தொண்டு நிறுவனம், 1980ல இருந்து 1990 வரைக்கும் பத்து வருஷம், ஓரளவு படிச்ச பெண்களைக் குழு குழுவா கிராமத்துக்கு அனுப்புச்சு. வேலை ஒண்ணே ஒண்ணுதான், குழந்தைக்கு வயித்துப்போக்குன்னா என்ன பண்ணணும்னு ஒவ்வொரு அம்மாவுக்கும் நேர்ல உக்காந்து சொல்லிக்குடுக்கணும். மூணு விரல்ல ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணி, கலக்கி கொஞ்சம் கொஞ்சமா குடுன்னு. காட்டறதோட விடாம அந்த அம்மாவையே கலக்க வைக்கணும். கொஞ்ச நாள் கழிச்சு வேற ஒருத்தர் போய் சில வீடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, பத்து விஷயத்துல எத்தனை ஞாபகம் இருக்குன்னு கேப்பார், கலக்கச் சொல்லி அந்தத் தண்ணியை எடுத்துட்டுப் போய் உப்பு அளவு சரியான்னு லேப்ல பாப்பாங்க. அம்மாக்களுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ அதைப் பொறுத்துதான் சொல்லிக்குடுத்த பொண்ணுக்குச் சம்பளம். போனேன், சொன்னேன், கையெழுத்து வாங்கினேன்னு ரிஜிஸ்டரை நிரப்பற வேலையே அங்க நடக்காது (நம்ம ஊர் ரிஜிஸ்டர்கள் எத்தனையைப் பாத்தவன்ங்கிற முறைல இதைக் கொஞ்சம் பொறாமையோடதான் சொல்றேன்).

முதல்ல என்ன ஆச்சுன்னா, அம்மாக்கள் எல்லாரும் பத்துக்குப் பத்து ஒப்பிச்சாங்க, தண்ணியும் சரியா கலக்கினாங்க, ஆனா குழந்தைக்கு நிஜமாவே பேதி வந்தப்போ அதைக் குடுத்தவங்க ரொம்பக் கம்மி. ஏன்னு போய்த் துருவினா, சொல்லிக்குடுக்கப் போன பொண்ணுங்களுக்கே அதுல நம்பிக்கை இல்ல, தனக்கு வயித்துப்போக்கு வந்தா அவங்களே அதைக் குடிக்காம மாத்திரையைத் தேடியிருக்காங்க. இது என்ன, உப்பும் வெல்லமும், இதுல என்ன வைத்தியம் இருக்குன்னு. அதுக்கப்புறம் அவங்களைக் கூட்டிட்டு வந்து, உடம்புல தண்ணி குறைஞ்சா என்ன ஆகும், இந்தக் கலவை எப்படி உள்ள ஏறுது, ஏன் இந்த அளவுன்னு விளக்கமா புரிய வெச்சாங்க. ஆம்பளைங்களையும் சந்தை, மசூதின்னு தேடிப்போய் தனியா பேசினாங்க. அதுக்கப்புறம்தான் உபயோகம் ஏற ஆரம்பிச்சுது. கடைசில 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல போய்ச் சேர்ந்தாங்க. இதுல பாக்க வேண்டியது என்னன்னா, படிச்ச பொண்ணுன்னு நாம சொல்றப்போ சர்டிபிகேட்டை நினைக்கிறோம், ஆனா ஏன்னு புரிஞ்சவ சொன்னாதான் எதிர்ல இருக்கிறவ கேக்கறா. ஒப்பிக்கிறவ சொன்னா எதிர்ல இருக்கிறவளும் ஒப்பிக்கத்தான் செய்வா.

சரி, வேலையே பாக்காம வீட்டுலயே இருக்கிற படிச்ச அம்மாவால என்ன பிரயோஜனம்னு ஒரு கேள்வி வரும். நிறைய இருக்கு. 1979லயே கால்டுவெல்ங்கிற மக்கள்தொகை ஆய்வாளர் நைஜீரியா கணக்குகளை வெச்சு எழுதினார் (நம்ம ஒப்பிலக்கண கால்டுவெல் இல்ல, இவர் ஆஸ்திரேலியாக்காரர்), அப்பா என்ன வேலை, வீட்டுல என்ன வசதிங்கிறதை எல்லாம் கழிச்சுப் பாத்தாலும் அம்மா படிச்சிருந்தா குழந்தை பிழைக்கிற வாய்ப்பு கூடுதுன்னு. காரணம்னு அவர் சொன்னது எனக்கு ரொம்ப நியாயமா படுது, பள்ளிக்கூடத்துல படிச்ச சுகாதாரப் பாடம் அதுல கொஞ்சம்தான், பெரிய விஷயம் வீட்டுக்குள்ள அதிகாரம் கொஞ்சம் இடம் மாறுது. குழந்தைக்குக் காய்ச்சல்னா மாமியார் சம்மதிக்கட்டும், புருஷன் சந்தைல இருந்து வரட்டும்னு உக்காந்திருக்காம தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறா, அங்க நர்ஸ் அதட்டினாலும் நின்னு கேள்வி கேக்கறா. 2010ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல 175 நாட்டுக் கணக்கைப் பாத்து ஒரு ஆய்வு வந்துச்சு, 1970க்கும் 2009க்கும் நடுவுல குறைஞ்ச குழந்தைச் சாவுகள்ல ஏறக்குறைய பாதிக்கு, பெண்கள் படிப்பு கூடினதைக் காரணமா சொல்லுச்சு. தடுப்பூசி, மருந்து எல்லாம் இருந்தும் பாதி இது.

இப்போ பொண்ணுங்க எப்படி இவ்வளவு படிக்க வந்தாங்கங்கிற கதை. வங்கத்து முஸ்லிம் குடும்பங்கள்ல பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம்ங்கிறதே ரொக்கையா ஷகாவத் ஹொசைன் காலத்துல ஒரு யுத்தம். 1880ல ரங்பூர் பக்கம் பொறந்தவங்க, பெங்காலியும் இங்கிலீஷும் ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் அண்ணன்கிட்ட திருட்டுத்தனமா கத்துக்கிட்டவங்க. புருஷன் இறந்தப்புறம் 1909ல பாகல்பூர்ல அஞ்சு பொண்ணுங்களோட பள்ளி ஆரம்பிச்சு, 1911ல கல்கத்தாவுக்கு மாத்தினாங்க. பர்தா கெடக்கூடாதேன்னு ஸ்கூல் வண்டியை நாலு பக்கமும் காத்தே புகாம அடைச்சு விட்டிருக்காங்க, உள்ள இருந்த குழந்தைங்க இருட்டுல மூச்சு முட்டி வாந்தி எடுத்து மயக்கம் போட்டு விழுந்திருக்கு. சரின்னு கொஞ்சம் திறந்து திரை போட்டா, காத்துல திரை பறக்குது, பொண்ணுங்க வெளிய தெரியறாங்கன்னு மிரட்டிக் கடுதாசி. மூடினாலும் திட்டு, திறந்தாலும் திட்டு.

அங்க இருந்து 1994க்கு வாங்க. அந்த வருஷம் கிராமப்புறம் முழுக்க ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் பொண்ணுங்களுக்கு உதவித்தொகை கொண்டுவந்தாங்க, சின்ன அளவுல 1982லயே சாந்த்பூர் மாவட்டத்துல ஒரு இடத்துல சோதிச்சுப் பாத்ததுதான். ஆறாவதுக்கு மாசம் 25 டாக்கா (ஊர் பேர் இல்ல, அங்கத்துப் பணம்), பத்தாவதுக்கு 60, டீக்கடைக் காசுதான். ஆனா மூணு கண்டிஷன், 75 சதவீதம் வருகை, பரீட்சைல 45 சதவீதம் மார்க், பத்தாவது முடியற வரைக்கும் கல்யாணம் கூடாது. பணம் அந்தப் பொண்ணு பேர்ல பேங்க் அக்கவுண்ட்ல போகும். பொண்ணுங்களுக்கான ஃபீஸை அரசாங்கமே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துச்சு, அதனால ஹெட்மாஸ்டருக்கே பொண்ணுங்க வந்தா லாபம்னு ஆச்சு. 90கள் ஆரம்பத்துல உயர்நிலைப் பள்ளிகள்ல மூணுல ஒருத்தர்தான் பொண்ணு, பத்துப் பதினஞ்சு வருஷத்துல பசங்களைவிடப் பொண்ணுங்க அதிகம்.

இதுல வரிசையைக் கவனிங்க, எல்லாரும் விட்டுடற இடம் இதுதான். உதவித்தொகை வர்றதுக்குப் பதினேழு வருஷம் முன்னாடியே மத்லாப்ல எட்டாவது படிச்சவளுக்கு வேலை வந்துடுச்சு. 1985ல பிராக் 22 பள்ளிக்கூடத்தோட ஆரம்பிச்ச ஓராசிரியர் பள்ளிகள்லயும் அதே கதை, ஒரே ரூம், முப்பது சொச்சம் பிள்ளைங்க, அதுல முக்கால்வாசி பொண்ணுங்க, டீச்சர் அதே ஊர்ல ஒன்பதோ பத்தோ படிச்ச ஒரு குடும்பப் பொண்ணு. படிச்சவளுக்குச் சம்பளம் வர்றதை அக்கம்பக்கத்துல நாலு அம்மாக்கள் கண்ணால பாத்திருந்தாங்க, அப்புறம்தான் அரசாங்கம் 25 டாக்காவைக் கையில வெச்சுது. கார்மெண்ட்ஸ் பேக்டரிகளும் இதே மாதிரிதான் வேலை செஞ்சுது, டாக்கா சுத்துவட்டார கிராமங்கள்ல பாத்த ஆய்வுல, பேக்டரி பக்கத்துல இருக்கிற ஊர்ப் பொண்ணுங்க கூட வருஷம் படிக்கிறதும் கல்யாணம் தள்ளிப் போறதும் தெரிஞ்சுது, ஏன்னா லேபிள் படிக்க, பீஸ் எண்ண, கொஞ்சமாவது படிப்பு வேணும். அந்த பேக்டரிகளை நான் கொண்டாட வரல, 2013 ஏப்ரல் 24ல ரானா பிளாசாங்கிற கார்மெண்ட்ஸ் கட்டடம் இடிஞ்சு 1,100 பேருக்கு மேல செத்தாங்க, கட்டடத்துல விரிசல் தெரிஞ்சும் உள்ள போகச் சொன்னாங்க.

படிப்பு மட்டும் இருந்து அதுக்கு வெளில போக வழி இல்லன்னா என்ன ஆகும்ங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. ஈரான்ல பல்கலைக்கழகம் நிறைய பொண்ணுங்க, வேலைல பாத்தா ரொம்பக் கம்மி. பஞ்சாப், ஹரியானால படிப்பும் வசதியும் ஏறின காலத்துலதான் ஸ்கேன் பாத்து பெண் கருவைக் கலைக்கிறதும் ஏறுச்சு. சிலருக்கு டிகிரி வரதட்சணைப் பேரத்துல ஒரு வரியா மட்டும் நின்னுடுது. வங்கதேசத்துலயே இன்னைக்கும் பாதிப் பொண்ணுங்களுக்குப் பதினெட்டு ஆகறதுக்குள்ள கல்யாணம் ஆயிடுது. பத்தாவது வரைக்கும் கல்யாணம் கூடாதுன்னா, பத்தாவது முடிஞ்ச மறுமாசம் முகூர்த்தம் வெக்கிற வீடு எல்லா ஊர்லயும் உண்டு. வீட்டு வாசல்லயே மாத்திரை கொண்டுபோய்க் குடுத்ததால பொண்ணுங்க வாசல் தாண்டாமலே இருந்துட்டாங்கன்னு ஒரு விமர்சனமும் இருக்கு, அதுல நியாயம் இருக்கு, ஆனா கொண்டுபோய்க் குடுத்தவ வாசல் தாண்டினாளே, அவளைப் பாத்து வளர்ந்த பொண்ணுங்களைக் கணக்குல எடுக்கணும்.

வங்கதேசம் மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். இலங்கைல 1930கள்ல ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000 தாய்மாருக்கு மேல செத்துக்கிட்டிருந்தாங்க, இன்னைக்கு முப்பது சொச்சம். பயிற்சி பெற்ற குடும்பநல மாதுக்களை, அதாவது பிரசவம் பாக்கிற மருத்துவச்சிகளை, ஊர் ஊராப் போட்டது, 1945ல வந்த இலவசக் கல்வி, மலேரியா ஒழிப்பு எல்லாம் சேர்ந்து நடந்தது அது. தமிழ்நாட்டுல நம்ம நர்ஸம்மா, அதாவது கிராம சுகாதார செவிலியர், சமவெளில சுமார் 5,000 ஜனத்துக்கு ஒருத்தர், கர்ப்பம் பதியறதுல இருந்து தடுப்பூசி வரைக்கும் அவங்க தலைலதான்.

ஆனா சம்பள விஷயத்துல நாம பண்றது எனக்குச் சுத்தமா பிடிக்கல. 2005ல தேசிய ஊரக சுகாதாரத் திட்டத்துல ஆஷா பணியாளர்கள்னு கொண்டுவந்தோம், இப்போ நாடு முழுக்கச் சுமார் 10 லட்சம் பேர், எட்டாவது பத்தாவது படிச்ச கிராமத்துப் பெண்கள், மத்லாப் 80 பேரோட அக்கா தங்கச்சிங்கன்னே சொல்லலாம். ஆனா இவங்களை ஊழியர்னு சொல்லாம தன்னார்வலர்னு சொல்லி, சம்பளத்துக்குப் பதிலா ஊக்கத்தொகை, மதிப்பூதியம்னு குடுக்கிறோம். கொரோனா காலத்துல வீடு வீடாப் போனது அவங்கதான், 2022ல உலக சுகாதார அமைப்பு அவங்களுக்கு விருது குடுத்துச்சு, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. 2025 பிப்ரவரில, படிப்புல நாட்டுல முன்வரிசைல நிக்கிற கேரளால, திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்து முன்னாடி அதே ஆஷாக்கள் மாசக்கணக்குல ரோட்டுல உக்காந்தாங்க. அப்போ மாசம் 7,000 ரூபாயா இருந்த மதிப்பூதியத்தை 21,000 ஆக்குங்கன்னு கேட்டாங்க.